அருகில் போனால் மறையும் மலர்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் மோனே, ஜிவெர்னியில் இருந்த தம் தோட்டத்தை 1900ஆம் ஆண்டில் வரைந்த ஓவியத்தின் அச்சுப்படி ஒன்றை என் மகள் வாங்கிவந்து எங்கள் வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறாள். சோபாவில் அமர்ந்து பார்த்தால் ஊதா நிற ஐரிஸ் மலர்கள் பாத்தி பாத்தியாக அசைவது போலிருக்கின்றன. தூசி துடைக்க அருகில் போனால் ஒரு பூவையும் காணோம். திட்டுத் திட்டாகச் சாயம்தான் இருக்கிறது. ஓவியருக்குக் கண்புரை இருந்ததால் அப்படித்தான் வரைய முடிந்தது என்கிறார் என் அண்ணன். உண்மையா? – தெம்பனிஸ் வாசகி

பதில்: மோனேவுக்குக் கண்புரை இருந்தது உண்மை. ஆனால் அது கண்டறியப்பட்டது 1912இல். அறுவை சிகிச்சை நடந்தது 1923இல். உங்கள் வீட்டுச் சுவரில் உள்ள ஓவியம் அதற்கெல்லாம் முந்தியது. அவருடைய கடைசிக் காலத்து ஓவியங்கள் சிலவற்றில் செம்மையும் பழுப்பும் மிகுந்திருப்பதற்கு வேண்டுமானால் அண்ணன் புரையைக் காரணம் காட்டலாம். இந்த ஐரிஸ் மலர்களுக்குக் காட்ட முடியாது. 1874இல் பாரிஸில் அவரும் நண்பர்களும் நடத்திய முதல் கண்காட்சியிலேயே, அவருடைய துறைமுகச் சூரியோதய ஓவியத்தின் தலைப்பிலிருந்த ‘இம்ப்ரெஷன்’ (மனப்பதிவு) என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு விமர்சகர் கேலி செய்தார். அந்தக் கேலிப்பெயரே பிறகு அவர்களுடைய ஓவியப் பாணிக்கு இம்ப்ரெஷனிசம் என்று நிலைத்துவிட்டது. அப்போது மோனேவுக்கு வயது 33.

திட்டுகளுக்கு வருவோம். பிரான்சில் கோப்லான் திரைச்சீலைக் கூடத்தின் சாயப் பிரிவைக் கவனித்துவந்த வேதியியலாளர் செவ்ரோலிடம், கறுப்பு நூலில் கறுப்பு போதவில்லை என்ற புகார் வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்தபோது சாயத்தில் குறையில்லை; பக்கத்து நூலின் நிறம்தான் கறுப்பின் தோற்றத்தை மாற்றியிருந்தது. அருகருகே வைக்கப்படும் நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றிக் காட்டுகின்றன என்பதை 1839இல் அவர் பெரிய நூலாகவே எழுதினார். சிராங்கூன் சாலைப் பட்டுக்கடையில் புடவை எடுத்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. அதே அரக்குக் கரை, பச்சை உடலில் தீயாகத் தெரியும். ஆரஞ்சு உடலில் மங்கிக் கிடக்கும்.

இனி உங்கள் ஓவியத்தின் முன் நில்லுங்கள். இதழுக்கு வரைகோடு இல்லை. அடர் ஊதா, இளஞ்சிவப்பு, வெளிர் நீலம் எனத் தூரிகையின் ஒவ்வொரு தொடுகையும் பச்சையின் மேலும் பச்சையின் அருகிலும் தனித்தனியே வைக்கப்பட்டிருக்கிறது. மரங்களின் இடையே விழும் வெயில், மலர்களின் மேல் எங்கு பட்டது, எங்கு படவில்லை என்பதுதான் அங்கே எழுதப்பட்டுள்ளது. கலந்து பூவாக்கும் வேலையைச் சற்றுத் தொலைவில் நிற்கும் உங்கள் கண்ணே செய்கிறது. மரங்களுக்கு அப்பால் துண்டு துண்டாகத் தெரிவது அவர் குடியிருந்த வீடு. 1883இல் அங்கு வாடகைக்குக் குடியேறி, 1890இல் அதை விலைக்கு வாங்கினார். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் பூக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து நட்ட தோட்டம் அது. தூரிகையை எடுக்கும் முன்பே பாதி ஓவியம் மண்ணில் முடிந்திருந்தது என்பது என் எண்ணம்.

அசல் ஓவியம் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த அருங்காட்சியகத்தின் இம்ப்ரெஷனிச ஓவியங்கள் பல, 2017 நவம்பர் முதல் 2018 மார்ச் வரை நம் தேசியக் கலைக்கூடத்திற்கு வந்திருந்தன. அடுத்த முறை வரும்போது அண்ணனையும் அழைத்துச் செல்லுங்கள். அச்சுப்படியில் சாயத்தின் தடிப்பு தெரியாது. அசலில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் மேடும் பள்ளமுமாகத் தெரியும்.

கேள்வி: எங்கள் மாடி நடைபாதையில் பூத்திருக்கும் காகிதப்பூச் செடியை இம்ப்ரெஷனிசப் பாணியில் வரைந்து பார்க்கிறேன். நிழலுக்குக் கறுப்பைச் சேர்த்ததும் படம் முழுவதும் அழுக்கேறிவிடுகிறது. என்ன செய்யலாம்? – ஈசூன் வாசகர்

பதில்: கறுப்புக் குழாயை ஒரு மாதம் அலமாரியில் பூட்டி வையுங்கள். தாம் பயன்படுத்தும் நிறங்கள் இவைதாம் என்று 1905இல் மோனே ஒரு கடிதத்தில் எழுதியபோது, ஈய வெள்ளை, காட்மியம் மஞ்சள், வெர்மிலியன், அடர் மேடர் சிவப்பு, கோபால்ட் நீலம், எமரால்டு பச்சை என்பவற்றோடு நிறுத்திக்கொண்டார். கறுப்பு அந்தப் பட்டியலில் இல்லை. காகிதப்பூவின் நிழல் கறுப்பும் அல்ல. வெள்ளைச் சுவரில் விழும் அந்த நிழலைக் கூர்ந்து பாருங்கள். அதில் நீலமும், பூவின் செம்மையும் கலந்திருக்கும். அடர் சிவப்பையும் நீலத்தையும் கலந்து தொடங்குங்கள்.

இன்னொன்று, நேரம். நம் ஊரில் பகல் ஒரு மணி வாக்கில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலையில் நிற்பதால், நிழல் செடியின் காலடியிலேயே சுருண்டுவிடும். ஜிவெர்னியில் கோடையிலும் வெயில் சாய்ந்தே விழும். ஆகவே மாலை ஐந்தரைக்குத் தொடங்கி ஆறரைக்கு நிறுத்துங்கள். முடியாவிட்டால் மறுநாள் அதே நேரத்தில் தொடருங்கள். ஒளி மாற மாற வேறு வேறு கித்தானை எடுத்துவைத்து வரைந்தவர் மோனே. 1890–91இல் அவர் வரைந்த வைக்கோற்போர் வரிசை அப்படி உருவானதுதான். நமக்கு மழைமேகம் குறுக்கிடும் என்பதால் இரண்டு கித்தான் போதும்: ஒன்று வெயிலுக்கு, ஒன்று மூட்டத்துக்கு. காகிதப்பூவில் நிறமாகத் தெரிபவை இதழ்கள் அல்ல, நிறமேறிய இலைகளே. உண்மையான பூ நடுவில் சிறு வெள்ளைப் புள்ளியாக இருக்கும். அந்த வெள்ளையைக் கடைசியில் வையுங்கள், எல்லாப் பூவிலும் வைக்காதீர்கள்.