தேரிக்காட்டு ஓரத்து ஊர்

அன்புள்ள ஐயா,

என் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் மெய்ஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில், தேரி என்னும் செம்மணல் மேட்டை ஒட்டிய சின்னக் கிராமம். அங்கேயே ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளி ஆண்டு மலரில் ஊரின் நிலவியல் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு இல்லை, மலை இல்லை. செம்மணலும் பனையும்தான். இதில் எழுத என்ன இருக்கிறது?

ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த மணலிலிருந்தே தொடங்குங்கள். ஆறில்லாத உங்கள் ஊருக்குத் தண்ணீர் கொடுப்பது அதுதான்.

ஐப்பசி கார்த்திகை மழை தேரியில் ஓடுவதில்லை. விழுந்த இடத்திலேயே உள்ளே இறங்கிவிடும். அப்புறம் மெல்ல ஊறி அடிவாரத்தில் கசியும். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனை அப்படி வந்த தண்ணீர்தான். சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் தேரியில் நடக்க முடியாது. அதே மணலின் ஓரத்தில், கோயிலை நெருங்கினால் அடர்ந்த மரநிழல், குளிர்ந்த நீர். பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். தேரியோரக் கிணற்றுத் தண்ணீரையும் கடற்கரைப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரையும் குடித்துப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

மணல் சிவந்திருப்பது துகள்களின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடால். ஆனி ஆடியில் மேற்கு மலைக் கணவாய்கள் வழியாக வரும் மேல்காற்று இந்த மணலை நகர்த்தும். ஒரு காலத்தில் வயலையும் வீட்டையும் மூடும் அளவுக்கு நகர்ந்தது. அதைப் பிடித்து நிறுத்தத்தான் 19ஆம் நூற்றாண்டிலேயே பனையும் உடைமரமும் நட்டார்கள். பனை இருந்ததால் பதநீர், பதநீர் இருந்ததால் உடன்குடிக் கருப்பட்டி. தெற்கே புத்தன்தருவை, வைரவன்தருவை இரண்டும் மழைக்கு ஏரி, கோடைக்கு வெறுந்தரை. அவற்றுக்கும் இரண்டு வரி கொடுங்கள்.

தேரிகளில் கிடைத்த சிறு கற்கருவிகளைப் பற்றி தொல்லியல் ஆய்வாளர்கள் ஸோய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் 1956இல் எழுதியிருக்கிறார்கள். கல்லால் கருவி செய்த பழங்காலத்திலேயே இந்தத் தேரி மணலில் மனிதன் நடமாடியிருக்கிறான்.

2007இல் சாத்தான்குளம் பகுதியில் இந்த மணலிலிருந்து டைட்டானியம் எடுக்கும் திட்டம் வந்து, மக்கள் எதிர்ப்பால் நின்றுபோனதையும் விட்டுவிடாதீர்கள். மணலை அள்ளிவிட்டால் மழை எங்கே இறங்கும்? சுனை எதிலிருந்து ஊறும்? அன்று எதிர்த்துப் பேசிய பெரியவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு, அவர்கள் பேச்சிலேயே மலரில் போடுங்கள். மலர் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.