ஜன்னலா, சமையலறையா, பரணா? குளிர் ஊரில் வீட்டுச் செலவுக்கு வரிசை

கேள்வி: பனி கொட்டும் ஊரில் ஒரு பழைய வீடு வாங்கியிருக்கிறோம். குளிர்காலத்தில் ஹீட்டர் பில் கட்டி மாளவில்லை. மாடி அறை எப்போதும் சில்லென்று இருக்கிறது, கூரை ஓரத்தில் பனிக்கட்டி தொங்குகிறது. ஜன்னல் கம்பெனிக்காரர் எல்லா ஜன்னலையும் மாற்றச் சொல்கிறார். வீட்டில் சமையலறையைப் புதுப்பிக்க ஆசைப்படுகிறார்கள். சேமிப்பு ஏதாவது ஒன்றுக்குத்தான் வரும். எதை முதலில் செய்வது?

பதில்: இரண்டையும் தள்ளி வைத்துவிட்டுப் பரணில், அதாவது கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே உள்ள இடத்தில், ஏறிப் பாருங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அங்கேதான் கைகாட்டுகின்றன.

சூடான காற்று மேலே போகும். உட்கூரையில் விளக்குக்காகப் போட்ட துளை, வயர் இறங்கும் ஓட்டை, பரண் கதவின் விளிம்பு என்று கிடைத்த சந்தில் எல்லாம் நழுவும். அது வெளியேறும் அளவுக்குக் கீழ்த்தளத்து இடுக்குகள் வழியே குளிர்காற்று உள்ளே வரும். பரணுக்குப் போன சூடு கூரைமேல் கிடக்கும் பனியை அடியிலிருந்து உருக்குகிறது. உருகிய நீர் கூரை ஓரத்துக்கு வந்ததும், அங்கே சூடு இல்லாததால், மறுபடி உறைந்து அணை மாதிரி நிற்கிறது. அதன் பின்னால் தேங்கும் தண்ணீர் கூரைக்குள் புகுந்து உட்கூரையில் கறையாக இறங்கும். பலர் இந்தக் கறையைப் பார்த்ததும் கூரையையே மாற்றிவிடுகிறார்கள். பெரிய பணம் போகும். சூடு கசிவது நிற்காததால் அடுத்த வருடமும் அதே பனிக்கட்டி தொங்கும்.

எனவே தண்ணீர் ஒழுகும் இடம் ஏதாவது இருந்தால் முதலில் அது. அடுத்து காற்றுச் சந்துகளை அடைப்பது. அதன்பிறகு பரணில் இன்சுலேஷன், அதாவது சூடு வெளியே போகாமல் தடுக்கும் பஞ்சு போன்ற அடுக்கு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஓட்டைகளை அடைக்காமல் மேலே பஞ்சைக் கொட்டினால் வீட்டின் ஈரக்காற்று அதைத் தாண்டிப் போய்க் குளிர்ந்த மரத்தில் உறைபனியாகப் படியும், பிறகு பூஞ்சை பிடிக்கும். குளியலறையில் காற்றை வெளியேற்றும் மின்விசிறியின் குழாய் பரணுக்குள்ளேயே முடிகிறதா என்றும் பாருங்கள்; அது வீட்டுக்கு வெளியே போக வேண்டும். பழைய வீடு என்பதால் ஓர் எச்சரிக்கை: பரணில் பளபளப்பான சிறு கூழாங்கல் போல ஏதாவது கொட்டியிருந்தால் தொடாதீர்கள். அதில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கலாம். சோதித்த பிறகே வேலை.

சந்து எங்கே என்று கண்டுபிடிக்க, காற்றடிக்கும் குளிர்நாளில் சமையலறை, குளியலறையில் காற்றை வெளியேற்றும் மின்விசிறிகளைப் போட்டுவிட்டு ஒரு ஊதுபத்தியோடு சுற்றி வாருங்கள். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் மாதிரி உள்ளே எரியும் சாதனம் இருந்தால் அதை அந்த நேரம் அணைத்து வையுங்கள். வெளிச்சுவரில் உள்ள பிளக் பாயின்ட், தரையும் சுவரும் சேரும் மூலை, ஜன்னல் சட்டம் ஆகிய இடங்களில் புகை ஆடும். கதவில் பெரிய விசிறி பொருத்தி முறையாகச் சோதிப்பவர்களும் உண்டு. அதற்குக் கொடுக்கும் கட்டணம் வீண் போகாது. அரசு மானியம் கிடைக்கும் பல இடங்களில், வேலை தொடங்கும் முன்பே இந்தப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வேலையை முடித்துவிட்டு விண்ணப்பித்தால் கை விரித்துவிடுவார்கள்.

சரி, ஜன்னல்? சட்டம் அழுகியிருந்தால் மாற்றுங்கள். இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே புகை மூட்டம் போலத் தெரிந்தால், பெரும்பாலும் கண்ணாடியை மட்டும் மாற்றினாலே போதும். மற்றபடி பில்லில் மிச்சமாகும் தொகையால் ஜன்னல் செலவை ஈடுகட்டப் பல வருடங்கள் ஆகும். ரப்பர் பட்டையை ஒட்டி நாளைக் கடத்தலாம். ஃபர்னஸ் 15 வருடம் தாண்டியிருந்தால் இப்போதே அதற்குத் தனியாகச் சேர்க்கத் தொடங்குங்கள், ஆனால் இன்சுலேஷன் முடிந்த பிறகு வாங்குங்கள். அப்போது சிறிய ஃபர்னஸே போதுமாக இருக்கும்.

கையில் இருப்பதில் 15 முதல் 20 சதவீதத்தைத் தொடாமல் வையுங்கள். பழைய சுவரைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. சமையலறை ஆசை நியாயமானதுதான். ஆனால் புது அலமாரிக்குப் பின்னால் உள்ள வெளிச்சுவரில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தால் அதையும் சேர்த்துப் பிய்க்க வேண்டியிருக்கும். அதனால் அது கடைசியில் வரட்டும்.

கேள்வி: இன்சுலேஷனுக்கு மூன்று கொட்டேஷன் வாங்கினோம். ஒன்று மற்றதில் பாதிதான். எடுக்கலாமா?

பதில்: தொகையை மூடிவிட்டு மற்ற வரிகளைப் படியுங்கள். சந்து அடைப்பது சேர்த்தியா, எத்தனை அங்குலக் கனம், குப்பை அள்ளுவது யார், வரி உள்ளே இருக்கிறதா? பாதி விலைக்காரர் பெரும்பாலும் சந்து அடைப்பதை விட்டிருப்பார். எல்லாம் எழுத்தில் வந்த பிறகு ஒப்பிடுங்கள். மொத்தத்தையும் முன்பணமாகக் கேட்டால் வேறு ஆளைப் பாருங்கள். வேலை முடிந்து, பரணில் ஏறிக் கனத்தை அளந்து பார்த்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.

கேள்வி: குளிர்காலத்தில் வேலை கொடுத்தால் மலிவாக முடியுமா?

பதில்: பெயின்ட், தரை, அலமாரி போன்ற உள்வேலைக்கு முடியும். கான்ட்ராக்டர்களுக்கு அப்போது வேலை குறைவு, பேரம் படியும். வெளியே கான்கிரீட் மட்டும் போடாதீர்கள். இறுகும் முன் உறைந்தால் அதன் பலமே போய்விடும்.