பள்ளியில் மாணவர்கள் ஏஐ பயன்படுத்தும்போது அவர்களை எப்படிப் பாதுகாப்பது?

நீங்கள் புதிதாக வகுப்பாசிரியர் பொறுப்புக்கு வந்தவர் என்று நினைக்கிறேன். பள்ளியில் ஏஐ பயன்படுத்தச் சொல்லிவிட்டார்கள், எந்தச் செயலியை அனுமதிக்கலாம், எதைத் தடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைகள் வீட்டுப்பாடத்தைக் காப்பியடிப்பார்களே என்ற கவலையும் கேள்வியில் தெரிகிறது. அதைச் சமாளித்துக்கொள்ளலாம். போர்டுக்கு வரச் சொல்லி ஒரு கணக்கைப் போடச் சொன்னால் இரண்டே வரியில் தெரிந்துவிடும். எனக்குப் பல நாள் தூக்கம் இல்லாமல் போனது வேறு காரணத்தால். என் வகுப்புப் பிள்ளைகளின் விவரங்களை ஏஐயிடம் கொண்டுபோய்க் கொட்டியது பிள்ளைகள் இல்லை, நான்.

தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். பதினாறு வருடம் ஆகிறது. 2024 டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடிந்தது. ரேங்க் கார்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று வரி குறிப்பு எழுத வேண்டும், ‘நன்று’, ‘முயற்சி தேவை’ என்று ஒற்றை வார்த்தையில் முடிக்கக் கூடாது என்று எங்கள் ஹெச்.எம். சொன்னார். நியாயமான பேச்சுதான். ஆனால் என் வகுப்பில் 41 பேர். அதே வாரம் கணினியில் பதிவு ஏற்றும் வேலை வேறு.

அதனால் கேட்டதற்குப் பதில் எழுதித் தரும் ஒரு ஏஐ சாட்பாட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தட்டச்சு செய்தேன். பெயர், மார்க், அதற்குப் பக்கத்தில் என் டைரியில் இருந்த குறிப்பு. இவனுக்கு அப்பா இல்லை, சித்தப்பா வீட்டில் வளர்கிறான். இவள் மாதத்தில் நான்கு நாள் வருவதில்லை. இந்தப் பெண்ணுக்கு வலிப்பு, மாத்திரை சாப்பிடுகிறாள், அதனால் முதல் பீரியடில் சோர்வாக இருப்பாள். இதெல்லாம் தெரிந்தால் குறிப்பு கனிவாக வரும் என்று நினைத்துத்தான் கொடுத்தேன். வந்ததும் கனிவாகவே வந்தது. 41 பேருக்கும் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், மற்ற டீச்சர்களுக்கும் உதவட்டும் என்று, உரையாடலைப் பகிரும் லிங்க்கை எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்.

அந்த லிங்க்கைத் திறந்தால் பதில் மட்டும் தெரியாது, நான் எழுதியதும் முழுசாகத் தெரியும். இது எனக்கு அன்று உறைக்கவில்லை.

குரூப்பில் இருந்த ஒரு டீச்சரின் மகன் என் வகுப்பில்தான் படித்தான். வீட்டில் சாயங்காலம் அம்மா போன் அவன் கையில்தான் இருக்கும். எத்தனை வீட்டில் அப்படி இல்லை? அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தன் பெயருக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத்தான் திறந்திருக்கிறான். அப்புறம் மற்றவர்களுடையதையும் படித்திருக்கிறான்.

ஜனவரியில் பள்ளி திறந்த இரண்டாம் நாள் காலை வகுப்புக்குள் போனேன். வலிப்பு இருக்கிற அந்தப் பெண் தன் இடத்தில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள். இரண்டாம் வரிசை பெஞ்சில், அவள் வழக்கமாக நோட்டு வைக்கும் இடத்தில், ஒரு பூட்டுச் சாவி இருந்தது. பழைய இரும்புச் சாவி, துவாரத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் பக்கம் இன்னும் நம்புகிறார்கள். யார் வைத்தது என்று கேட்டேன். 40 பிள்ளைகளும் தரையைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

மறுநாளிலிருந்து எட்டு நாள் அவள் வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவர். திண்ணையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். கத்தியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. “ஒங்ககிட்ட மட்டும்தான் டீச்சர் சொன்னேன். திடீர்னு வந்தா பாத்துக்கிடுவீகன்னுதான் சொன்னேன். நாளைக்கு இவள ஒருத்தன் கட்டிக்கிட வேண்டாமா?” என்றார். நான் என்ன பதில் சொல்ல முடியும்? மன்னிப்புக் கேட்டேன். லிங்க்கை அழித்துவிட்டேன் என்றேன். அழித்தது உண்மைதான். ஆனால் படித்தவர்கள் தலைக்குள் இருப்பதை எப்படி அழிக்க?

தப்பு செய்தவரே உபதேசம் சொல்ல வந்துவிட்டார் என்று சிலர் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு டீச்சராவது அடுத்த ரேங்க் கார்டுக்கு முன்னால் இதைப் படித்தால் போதும். ஏஐ வேண்டாம் என்று சொல்கிற கட்சியும் நான் இல்லை. கூட்டுச்சராசரிக் கணக்குகளை எங்கள் ஊர்ச் சந்தை விலையை வைத்துப் பத்துப் பத்தாகப் போட்டுத் தரச் சொல்லி இன்றும் வாங்குகிறேன். பிள்ளைகள் அதில் தப்பைக் கண்டுபிடித்தால் வகுப்பே துள்ளுகிறது.

சரி, இப்போது என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன்.

எந்தக் குழந்தையின் பெயரும் மெஷினுக்குள் போகாது. ‘மாணவர் 1’, ‘மாணவர் 2’ என்றுதான் எழுதுகிறேன், யார் யார் என்ற பட்டியல் என் நோட்டில் பேனாவால் எழுதியிருக்கிறது. உடல்நிலை, சாதி, குடும்ப விவகாரம், போன் எண், ஆதார் எண் எதையும் தருவதில்லை. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். சின்ன ஊரில் ‘அப்பா இல்லாத, சித்தப்பா வீட்டில் இருக்கிற ஒன்பதாம் வகுப்புப் பையன்’ என்றாலே யார் என்று தெரிந்துவிடும். இலவசக் கணக்குகளில் நாம் எழுதுவதை ஏஐயைப் பயிற்றுவிக்க எடுத்துக்கொள்ளும் வசதி பெரும்பாலும் ஆனிலேயே இருக்கும். செட்டிங்ஸில் போய் நாம்தான் அணைக்க வேண்டும். பகிரும் லிங்க்கை நான் தொடுவதே இல்லை. 2025இல் சாட்ஜிபிடியில் பலர் பகிர்ந்திருந்த உரையாடல்கள் கூகுள் தேடலிலேயே வந்து நின்றன. பகிரும்போது ஒரு கட்டத்தை டிக் செய்தால் அப்படி ஆகும், பலர் அதைக் கவனிக்கவே இல்லை. செய்தி வெளியானதும் சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐ நிறுவனம் அந்த வசதியை எடுத்துவிட்டது.

அப்புறம் வயது. சாட்ஜிபிடியின் விதிப்படி 13 வயதுக்குக் கீழே கணக்கே கூடாது, 18 வரை பெற்றோர் அனுமதி வேண்டும். அப்படியென்றால் ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் ‘வீட்டில் போய் ஏஐயில் கேட்டுக்கொண்டு வா’ என்று சொல்வதே தப்பு. அந்தப் பிள்ளை அம்மா கணக்கில் நுழையும், இல்லாவிட்டால் பிறந்த வருடத்தை மாற்றிப் போடும். பொய் சொல்ல நாமே பழக்கிக் கொடுத்தது போல ஆகிவிடும். நான் ஸ்மார்ட் போர்டில் என் கணக்கைத் திறந்து வைக்கிறேன், பிள்ளைகள் கேள்வி சொல்லச் சொல்ல நானே தட்டச்சு செய்கிறேன். நேரம் பிடிக்கிறது. ஆனால் என்ன போகிறது, என்ன வருகிறது என்று எல்லோருக்கும் தெரிகிறது.

சட்டமும் இருக்கிறது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிறையாதவர்கள் எல்லோருமே குழந்தைகள்தான். அவர்கள் விவரத்தைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் வேண்டும். குழந்தைகள் தொடர்பான கடமையை மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன, முழுசாக நடைமுறைக்கு வர இன்னும் கொஞ்ச காலம் ஆகும். அதுவரை காத்திருக்க வேண்டுமா என்ன? ரேங்க் கார்டில் பெற்றோர் கையெழுத்து வாங்குகிறோமே, இதற்கும் ஒரு தாளில் தமிழில் எழுதிக் காட்டிச் சம்மதம் வாங்கலாம்.

ஒன்று விட்டுப்போயிற்று, போட்டோ. ஆண்டு விழா முடிந்ததும் பிள்ளைகள் முகத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரோடு பொதுப் பக்கத்தில் போடுவதை எங்கள் பள்ளியில் நிறுத்த வைத்தேன். நிறையப் பேருக்கு என் மேல் வருத்தம். 2023இல் ஸ்பெயினில் அல்மென்ட்ராலெஹோ என்ற ஊரில் நடந்ததைச் சொன்னேன். அங்கே பள்ளி மாணவிகள் சமூக வலைத்தளத்தில் போட்டிருந்த சாதாரணப் படங்களை எடுத்து, ஏஐ செயலியால் நிர்வாணப் படங்களாக மாற்றி வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டார்கள். செய்தவர்களும் பள்ளிப் பையன்கள்தான். 15 பேருக்குச் சிறார் நீதிமன்றம் ஒரு வருட நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. நம் ஊரில் அப்படி ஒன்று நடந்தால் அந்தப் பிள்ளை முதலில் யாரிடம் வந்து சொல்லும் என்று யோசித்துப் பாருங்கள். 1098 குழந்தைகள் உதவி எண், 1930 சைபர் குற்ற உதவி எண், இரண்டையும் வகுப்புக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன். படத்தை ‘ஆதாரத்துக்காக’ என்று உங்கள் போனுக்கு வாங்கி மற்ற ஆசிரியர்களுக்கு அனுப்பிவிடாதீர்கள். குழந்தையின் அப்படிப்பட்ட படத்தை அனுப்புவதே குற்றம்.

இவ்வளவும் டீச்சர் தலையில்தானா என்று கேட்டால், எனக்கும் ஆற்றாமை இருக்கிறது. ஏஐ பற்றி ஒரு சனிக்கிழமை பயிற்சி கொடுத்தார்கள். எப்படிக் கேள்வி கேட்டால் நல்ல பதில் வரும் என்று மூன்று மணி நேரம் சொன்னார்கள். எதைக் கேட்கக் கூடாது, எதை எழுதக் கூடாது என்று ஒரு நிமிடம்கூடச் சொல்லவில்லை. ஆறிலிருந்து பத்து வரை கணக்குக்கு நான் ஒருத்திதான், இன்னொரு இடம் நிரப்பாமல் நாலு வருடமாகக் கிடக்கிறது. வருகைப் பதிவு, எடை, உயரம், காலணி அளவு, வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றையும் என் சொந்தப் போனில், என் காசில் போட்ட நெட்டில், சிக்னல் கிடைக்கும் மாடிப்படியில் நின்றுகொண்டு ஏற்றுகிறேன். சர்வர் வேலை செய்யாத நாளில் ராத்திரி பதினொரு மணிக்கு எழுந்து ஏற்றியிருக்கிறேன். ஒரு பிள்ளைக்குப் பின்னம் புரியவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர நேரம் இல்லை, அவனுடைய காலணி அளவைப் பதிய மட்டும் நேரம் இருக்கிறது. நான் செய்ததற்கு இதைச் சாக்காகச் சொல்லவில்லை. ஆனால் 41 பேருக்குக் குறிப்பு எழுத நேரம் இருந்திருந்தால் அன்று அந்தச் சாட்பாட்டைத் திறந்திருக்கவே மாட்டேன்.

அந்தப் பெண் ஒன்பதாம் நாள் பள்ளிக்கு வந்தாள். வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வகுப்புக்குச் சொல்லித் தரட்டுமா என்று அவளிடம் தனியாகக் கேட்டேன். ஒருக்களித்துப் படுக்க வைப்பது, வாயில் எதையும் திணிக்காமல் இருப்பது, ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் 108க்கு அழைப்பது, சாவி ஒன்றுக்கும் உதவாது என்பது. வேண்டாம் டீச்சர் என்றாள். அவளாக வேண்டும் என்று சொல்லும் வரை விட்டுவிட்டேன். சொன்னது ஆகஸ்டில். பெயர் சொல்லாமல் நடத்தினேன். முதலுதவியைச் செய்து காட்ட யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது அவளே எழுந்து வந்து தரையில் ஒருக்களித்துப் படுத்தாள்.

இப்போது பத்தாம் வகுப்பு. இந்த வருடமும் நான்தான் கிளாஸ் டீச்சர். போன மாதம் அரையாண்டுக் குறிப்புகளைக் கையால் எழுதிக்கொண்டிருந்தபோது ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். “என்னயப் பத்தி எழுதுறத நான் ஒரு தடவ படிச்சுக்கிடட்டுமா டீச்சர்?” என்றாள். கொடுத்தேன். நின்றபடியே இரண்டு முறை படித்தாள். ‘அமைதியான மாணவி’ என்று நான் எழுதியிருந்ததில் விரலை வைத்து, இது மட்டும் வேண்டாம் என்றாள். அடித்துவிட்டு, என்ன போடட்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, “கணக்குல சந்தேகம் கேப்பான்னு போடுங்க” என்றாள்.