‘ஸ்கோப்’ இருக்கிற படிப்பு என்றால் என்ன, அதை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஸ்கோப் என்பது இன்றைய சம்பளம் இல்லை. நீங்கள் படித்து முடித்து வெளியே வரும் வருடத்தில் அந்த வேலைக்கு ஆள் தேவைப்பட வேண்டும், அதைச் செய்யத் தெரிந்தவர்களும் குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். பெங்களூரா ரக மாங்காய் நல்ல விலைக்குப் போகிறதே என்று ஊரே ஒட்டுக்கன்று நட்டால், மூன்று நான்கு வருடம் கழித்து எல்லார் தோப்பும் ஒன்றாகக் காய்த்து, மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும், விலை படுத்துவிடும். பி.இ.யும் நான்கு வருடம்தானே!

அதனால் ஒரே வேலையை நம்பிய படிப்பைவிட, பல பக்கம் போக வழியுள்ளதைப் பாருங்கள். ஓசூர் ஃபேக்டரிகளுக்கு மெக்கானிக்கல் ஆள் மட்டும் போதாது, கணக்குப் பார்க்க பி.காம் ஆளும் வேண்டும். சேரும் முன் போன வருடம் முடித்த சீனியர்கள் இரண்டு பேரிடம் விசாரியுங்கள். காலேஜ் வைக்கும் ஃபிளெக்ஸ் பேனரை நம்பாதீர்கள், அதில் ஒரே பையன் மூன்று கம்பெனி பெயரோடு மூன்று இடத்தில் சிரிப்பான்.

அப்புறம், ஆர்ட்ஸ் படித்தால் வேலையே இல்லை என்பது தவறு, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-இல் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதாவது ஒரு டிகிரி இருந்தாலே எழுதலாம்.