கார்புரேட்டரைக் கழற்றி மாட்டினேன், வண்டி கிளம்பவில்லை: கேள்வி பதில்

கார்புரேட்டர் வண்டிகளைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று நம் பெங்களூர் குழுவில் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான். கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிய பிறகு வண்டி கிளம்பவில்லை. அல்சூரில் இருபத்திரண்டு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன், அங்கே தள்ளிக்கொண்டு வரும் வண்டிகளிலும் இதே கதை நிறைய.

பதில்களுக்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் படரும். அடுக்குமாடியின் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் கார்பைத் திறக்காதீர்கள். வெட்டவெளியில் செய்யுங்கள்.

ஸ்ப்ளெண்டர், கம்மனஹள்ளி: அண்ணா, வீடியோ பார்த்து நானே கார்பைக் கழற்றிக் கழுவினேன். மாட்டிய பிறகு ஐம்பது உதை உதைத்தாகிவிட்டது, ஒரு இருமல்கூட இல்லை. பிளக் புதிதாக வாங்கிப் போட்டேன். அடுத்து சிடிஐ (பிளக்குக்குத் தீப்பொறி அனுப்பும் மின் பெட்டி) மாற்றட்டுமா?

வேண்டாம் தம்பி, காசை வைத்துக்கொள்ளுங்கள். நேற்று வரை ஓடிய வண்டி. நடுவில் கை பட்டது கார்பில் மட்டும். அப்படியானால் கோளாறு கை பட்ட இடத்தில்தான் இருக்கும், இல்லையென்றால் அதற்குப் பக்கத்தில் இருக்கும். சிடிஐ தானாக அதே நாளில் சாக வேண்டிய அவசியம் இல்லை.

முதலில் பெட்ரோல். டேங்கின் அடியில் இருக்கும் பெட்ரோல் டேப் ஆன் பக்கம் இருக்கிறதா பாருங்கள். கழுவிய கார்பின் பவுல், அதாவது அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம், காலியாக இருக்கும், அது நிரம்ப ஒரு நிமிடம் கொடுங்கள். பிறகு பவுலின் அடியில் இருக்கும் டிரெயின் ஸ்க்ரூவை ஒரு பாட்டிலைப் பிடித்துக்கொண்டு தளர்த்துங்கள். பெட்ரோல் விடாமல் ஓட வேண்டும். கொஞ்சம் வந்து நின்றால் டியூப் மடங்கியிருக்கலாம், டேப் ஃபில்டர் அடைத்திருக்கலாம், பவுலுக்குள் பெட்ரோல் மட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மிதவையான ஃப்ளோட் மேலேயே சிக்கியிருக்கலாம். டேங்க் மூடியைத் திறந்து வைத்ததும் ஓட்டம் சீரானால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

பெட்ரோல் நன்றாக வருகிறது என்றால் சோக் போட்டு ஏழெட்டு உதை உதைத்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இங்கேதான் வழி இரண்டாகப் பிரிகிறது. பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. கார்பு வேலையின்போது பிளக் கேப்பை இழுத்தீர்களா, வயர் சாக்கெட் ஏதாவது கழன்றதா, கில் ஸ்விட்ச் இருந்தால் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். தீப்பொறி சோதிக்கும்போது பிளக்கை அதன் துளையிலிருந்து தள்ளி, இன்ஜினின் வேறொரு உலோகப் பகுதியில் தொட்டு வையுங்கள். அந்தத் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வந்துகொண்டே இருக்கும்.

பிளக் எலும்பு மாதிரி காய்ந்திருந்தால், பத்துக்கு எட்டு தடவை ஸ்லோ ஜெட்தான். உதைக்கும்போது ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கிறது. வேகமாகப் போகும்போது பெட்ரோல் கொடுக்கும் மெயின் ஜெட்டுக்கு அப்போது வேலையே இல்லை. இன்ஜினுக்குப் போகும் பெட்ரோலில் பெரும் பங்கு அந்தச் சின்ன பித்தளைத் துண்டு வழியாகத்தான் போக வேண்டும். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வெளியே பளபளவென்று கழுவிவிட்டு இதைக் கழற்றாமல் விடுபவர்கள்தான் அதிகம். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே கண்ணருகில் பிடியுங்கள். முழு வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும், பிறை மாதிரி தெரிந்தால் அடைப்பு பாக்கி இருக்கிறது. கார்பு கிளீனரில் ஊறவைத்து, பஞ்சர் கடை கம்ப்ரஸரில் காற்று அடித்து வாங்குங்கள். இரும்புக் கம்பி விடாதீர்கள். பித்தளை மென்மையானது, ஒரு கீறல் விழுந்தால் துளை பெரிதாகிவிடும், அந்த ஜெட் அதோடு முடிந்தது.

ஜெட் உட்காரும் குழியிலும் ஸ்ப்ரே அடியுங்கள். த்ராட்டில் மூடும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பொடித் துளைகள் வழியாக அது வெளியே வர வேண்டும். வரவில்லை என்றால் ஜெட் சுத்தமாக இருந்தும் பயனில்லை.

இவ்வளவும் சரி என்றால் கார்புக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ஓரிங் என்ற ரப்பர் வளையத்தைப் பாருங்கள். அது விலகினால் இன்ஜின் பெட்ரோலை இழுக்காமல் வெறும் காற்றை இழுக்கும்.

பல்சர் 150, பிடிஎம் லேஅவுட்: சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகிறது. ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் செத்துவிடுகிறது.

கார்புக்குள் மேலும் கீழும் நகர்ந்து காற்று வழியைத் திறந்து மூடும் துண்டுதான் ஸ்லைடு. உங்கள் கார்பில் அதை கேபிள் தூக்குவதில்லை, இன்ஜினின் உறிஞ்சல்தான் தூக்குகிறது. மேல் மூடிக்கடியில் ஒரு மெல்லிய ரப்பர் டயாஃப்ரம் இருக்கும். மூடும்போது அதன் விளிம்பு நசுங்கினாலோ பொத்தல் விழுந்தாலோ ஸ்லைடு எழும்பாது. காற்று வடிகட்டிப் பக்கத்தைத் திறந்து விரலால் ஸ்லைடைத் தூக்கி விடுங்கள். நிதானமாக இறங்க வேண்டும், டக்கென்று விழுந்தால் காற்று கசிகிறது. கிளீனர் ஸ்ப்ரேயை ரப்பர் மேல் அடித்திருந்தால் அது ஊதி, பள்ளத்தில் உட்காராமல் அடம்பிடிக்கும். ஒரு நாள் காய வையுங்கள், பெரும்பாலும் சுருங்கிவிடும். கிழிந்திருந்தால் புதிதுதான், ஒட்டி ஓட்டாதீர்கள்.

புல்லட் 350, விவேக் நகர்: மாட்டியதிலிருந்து ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் ஒழுகிக்கொண்டே இருக்கிறது.

உடனே டேப்பை மூடுங்கள். ஃப்ளோட் ஊசியின் இருக்கையில் தூசி உட்கார்ந்திருக்கும், இல்லையென்றால் ஊசி முனை தேய்ந்திருக்கும். ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே சளசளவென்றால் ஓட்டை. அப்புறம் இன்ஜின் ஆயில் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் ஆயில் மாற்றாமல் ஓட்டவே கூடாது, பேரிங் போய்விடும்.

ஆர்எக்ஸ் 100, முருகேஷ்பாளையா: அப்பாவின் வண்டி, போன மாதம் சென்னையிலிருந்து கொண்டு வந்தேன். அங்கே ஒரு உதையில் வரும். இங்கே ஒரு பட்டறையில் கார்பு சர்வீஸ் செய்த பிறகு கிளம்பவே அடம்பிடிக்கிறது, பிளக் கரி கரியாக வருகிறது. பெங்களூர் உயரத்துக்கு மெயின் ஜெட் மாற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

1996-இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி, அதுவும் அப்பா ஓட்டியது. பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயரம் உண்மை. சென்னை கடல் மட்டத்தில் இருக்கிறது, பெங்களூர் ஏறக்குறைய 920 மீட்டர் மேலே. இங்கே காற்றின் அடர்த்தி சுமார் ஒன்பது சதவீதம் குறைவு. காற்று குறைந்தால் உறிஞ்சல் குறைந்து பெட்ரோலும் கொஞ்சம் குறையும், ஆனால் அதே அளவுக்குக் குறையாது. கூட்டிக் கழித்தால் கலவையில் பெட்ரோல் நான்கைந்து சதவீதம் தூக்கலாக இருக்கும். இதற்கு ஏர் ஸ்க்ரூவை, அதாவது கார்பில் கலவையைச் சரிசெய்யும் சின்னத் திருகை, கொஞ்சம் திருகினால் போதும். கிளம்புவதற்கும் மெயின் ஜெட்டுக்கும் சம்பந்தமில்லை என்று கம்மனஹள்ளித் தம்பிக்கு மேலே சொல்லியிருக்கிறேன். முக்கால் ஆக்ஸிலேட்டருக்கு மேல் போனால்தான் அது முழுமையாகப் பேசும்.

உங்கள் வண்டியில் சர்வீஸ் செய்தவர் ஏர் ஸ்க்ரூவை முழுக்க உள்ளே திருகி விட்டிருக்க வாய்ப்பு அதிகம். மெதுவாக அடி வரை திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஆரம்பியுங்கள். இறுக்கி முறுக்காதீர்கள், முனை சிதைந்துவிடும். டூ ஸ்ட்ரோக் என்பதால் இதுவரை உதைத்ததில் இன்ஜினின் அடியில் பெட்ரோல் தேங்கியிருக்கும். டேப்பை மூடி, சாவியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து பதினைந்து உதை. பத்து நிமிடம் ஆற விட்டு, காய்ந்த பிளக் போட்டு உதையுங்கள்.

பல்சர் 150, பிடிஎம் லேஅவுட் (மறுபடியும்): ஏர் ஸ்க்ரூ உள்ளே போனால் பெட்ரோல் கூடும் என்கிறீர்களா? எங்கள் மெக்கானிக் இருபது வருட அனுபவஸ்தர். உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும் என்று சத்தியம் செய்கிறார்.

ஆர்எக்ஸ் 135, பிரேசர் டவுன்: அவர் சொல்வது தப்பு. உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும், நான் தினமும் செய்கிறேன்.

பல்சர் 180, கோரமங்களா: இல்லை, குறையும். நேற்றுதான் செய்து பார்த்தேன்.

மூன்று பேரும் சண்டை போட வேண்டாம், மூன்று பேரும் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறீர்கள். ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில்தான் விஷயம். ஆர்எக்ஸில் அது ஸ்லைடுக்கு முன்னால், காற்று வடிகட்டிப் பக்கம் இருக்கிறது. அது காற்றை அளக்கும் திருகு. உள்ளே போனால் காற்று குறைந்து பெட்ரோல் தூக்கலாகும். பல்சரில் அது ஸ்லைடுக்குப் பின்னால், இன்ஜின் பக்கம் இருக்கிறது. அது பெட்ரோல் கலந்த கலவையை அளக்கிறது. உள்ளே போனால் பெட்ரோல் குறையும். பட்டறைகளில் இரண்டுக்கும் ஏர் ஸ்க்ரூ என்றே பெயர் வைத்துவிட்டோம், அதனால் வந்த குழப்பம். ஒரு வண்டியில் பழகிய கை அடுத்த வண்டியில் நேர் எதிராகத் திருகும், சர்வீஸுக்குப் பிறகு கிளம்பாத வண்டிகளில் கணிசமானவை இப்படித்தான் உருவாகின்றன. ஒவ்வொரு முறையும் குனிந்து பாருங்கள்: வடிகட்டிப் பக்கமா, இன்ஜின் பக்கமா?

ஆர்எக்ஸ் 135, பிரேசர் டவுன்: ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நந்தி மலைக்குப் போகும்போது மெயின் ஜெட் மாற்றினால் இழுவை தெரிகிறதே?

நந்தி உச்சி 1,478 மீட்டர். அங்கே முழு ஆக்ஸிலேட்டரில் ஏறும்போது ஒரு அளவு சின்ன ஜெட் போட்டால் வித்தியாசம் தெரியலாம், மறுக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மலை ஏறுவதற்காகப் போட்ட ஜெட்டோடு கீழே வந்து ஏர்போர்ட் ரோட்டில் முழு வேகத்தில் பறந்தால், டூ ஸ்ட்ரோக் பிஸ்டன் பெட்ரோல் போதாமல் சூடாகிச் சிக்கிக்கொள்ளும். இரண்டு பிஸ்டனை இந்தக் காரணத்துக்காகவே மாற்றியிருக்கிறேன். கொஞ்சம் புகைந்தாலும் பரவாயில்லை என்று விடுங்கள்.

யமஹா, ஹொரமாவு: சுத்தம் செய்து மாட்டினேன், ஸ்டார்ட் ஆகவில்லை. என்ன செய்வது?

கம்மனஹள்ளித் தம்பிக்குச் சொன்ன பதிலை வரிசையாகச் செய்யுங்கள்.

பேஷன், கே.ஆர். புரம்: கார்பு கழுவிய பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை.

அதே பதில். பிளக் நனைந்ததா, காய்ந்ததா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். அது தெரியாமல் யாராலும் சொல்ல முடியாது.

டிஸ்கவர், மாரத்தஹள்ளி: ஸ்லோ ஜெட்டை சைக்கிள் பிரேக் ஒயர் இழையால் குத்திச் சுத்தம் செய்தேன், ஆனாலும்...

இரும்பு வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். ஜே.சி. ரோட்டில் அதே எண் பொறித்த ஜெட் வாங்கிப் போடுங்கள். எண்ணைப் பார்த்து வாங்குங்கள், பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்.

யெஸ்டி, ஜீவன் பீமா நகர்: மைசூரில் செய்த பழைய வண்டி. கார்பு மாட்டி உதைத்தேன். முதலில் வரவில்லை, வந்ததும் உச்சத்தில் அலறியது, பயந்து அணைத்துவிட்டேன்.

அணைத்தது நல்ல காரியம். ஸ்லைடைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். அதன் அடியில் சாய்வாக வெட்டிய பக்கம் காற்று வடிகட்டியைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் ஸ்லைடு முழுதாக இறங்காது. இனிமேல் எந்த வண்டியானாலும் உதைக்கும் முன் ஆக்ஸிலேட்டரைத் திருகி விடுங்கள். ஸ்லைடு அடியில் தட்டும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உதைக்காதீர்கள்.

யூனிகார்ன், ஓசூர் (வேலை எலக்ட்ரானிக் சிட்டியில்): நான்கு மாதம் நின்ற வண்டி. கார்பு சுத்தம் செய்தும் கிளம்பவில்லை. எத்தனால் பெட்ரோல்தான் காரணமா?

பங்கு உண்டு. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை 2023 பிப்ரவரியில் நம் பெங்களூரில் வைத்துத்தான் தொடங்கினார்கள், இப்போது எங்கும் அதுதான். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். ரிசர்வில் வைத்தால் டேப் இழுப்பது அந்த அடிப்பகுதியைத்தான். நீங்கள் கார்பை எத்தனை முறை கழுவினாலும் மேலே டேங்கில் அதே சரக்கு இருந்தால் மறுபடி பவுலுக்குள் வந்து சேரும். கொஞ்சத்தைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் டேங்கை முழுக்கக் காலி செய்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். வெட்டவெளியில், பேஸ்மென்ட்டில் அல்ல. அடுத்த முறை நிறுத்தி வைக்கும் முன் டேப்பை மூடி, பவுல் தீரும் வரை ஓட விட்டு அணையுங்கள்.

ஆக்டிவா, பானஸ்வாடி: கழுவிய பிறகு கார்புக்குப் பெட்ரோலே வரவில்லை, டேப்பும் இல்லை.

அதில் டேப் இன்ஜின் உறிஞ்சலில் திறக்கும். மெல்லிய வேக்குவம் குழாயை மாட்ட மறந்திருப்பீர்கள். மாட்டிவிட்டு ஐந்தைந்து விநாடியாக செல்ஃப் அடியுங்கள், நடுவில் மோட்டாருக்கு ஓய்வு கொடுங்கள்.

2021 மாடல் வண்டி, வைட்ஃபீல்டு: த்ராட்டில் பாடி சுத்தம் செய்த பிறகு...

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்த பிறகு உங்கள் வண்டியில் கார்பு இல்லை. இது என் கைவேலை இல்லை, ஸ்கேனர் உள்ள இடத்துக்குக் கொண்டு போங்கள்.

ஸ்ப்ளெண்டர், கம்மனஹள்ளி (மறுபடியும்): அண்ணா, பிளக் காய்ந்துதான் இருந்தது. ஸ்லோ ஜெட்டில் நீங்கள் சொன்ன பிறை தெரிந்தது. ஊறவைத்துக் காற்று அடித்தேன், மூன்றாவது உதையில் வந்துவிட்டது! ஆனால் சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது.

நல்லது தம்பி. பழைய ஐடில் செட்டிங் (ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் இன்ஜின் ஓடும் வேகம்) அடைத்த ஜெட்டுக்காக வைத்தது, இப்போது பொருந்தாது. பத்து நிமிடம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்குங்கள். ஐடில் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றி வைத்துவிட்டு, கலவைத் திருகை (பட்டறையில் ஏர் ஸ்க்ரூ என்பது) கால் சுற்று கால் சுற்றாக இரு பக்கமும் திருகி, சத்தம் எங்கே அதிகமாகவும் சீராகவும் இருக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். பிறகு ஐடிலை இறக்குங்கள். நாளைக் காலை, இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது, சோக் போட்டு எத்தனையாவது உதையில் வருகிறது என்று எழுதுங்கள்.