பள்ளித் திட்டப்பணிக்குக் குறிப்பெடுத்தல்: கேள்வி பதில்

கேள்வி: ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் புத்தகத்தைப் பார்த்துப் பக்கம் பக்கமாக எழுதி, அதைக் குறிப்பு என்கிறாள். இது சரியா, ஐயா?

பதில்: அது படியெடுத்தல். ஒரு பத்தியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்து, நினைவில் நின்றதை இரண்டு மூன்று வரிகளில் தன் சொற்களில் எழுதட்டும்; பிறகு திறந்து பெயர், ஆண்டு, எண் ஆகியவற்றை மட்டும் சரிபார்க்கட்டும். நூலாசிரியரின் வாக்கியமே தேவைப்பட்டால், அதை எழுதும்போதே மேற்கோள் குறியையும் பக்க எண்ணையும் இட்டுவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், இரண்டு வாரம் கழித்து எது தன் வரி, எது அவர் வரி என்று அவளுக்கே விளங்காது. மாணவர்கள் அறியாமல் செய்யும் கருத்துத் திருட்டில் பெரும்பகுதி இப்படித்தான் நேர்கிறது என்பது என் எண்ணம்.

கேள்வி: பத்து இணையதளங்கள் ஒன்றையே சொன்னால் நம்பலாமா?

பதில்: சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து வெறுங்கண்ணுக்குத் தெரியும் என்று எத்தனையோ இடங்களில் எழுதியிருக்கிறார்கள். நிலவு ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்க, சுவரின் அகலமோ சில மீட்டர்தான். தெரிய வழியே இல்லை. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய பத்துப் பக்கங்களை ஒரே சான்றாகவே கொள்ள வேண்டும்.

கேள்வி: விக்கிப்பீடியாவைப் பயன்படுத்தக் கூடாது என்கிறார் எங்கள் ஆசிரியர்.

பதில்: சான்றாகக் காட்டக் கூடாது என்பதே அவர் கருத்தாக இருக்கும். தாராளமாகப் படியுங்கள், கட்டுரையின் அடியில் உள்ள மேற்கோள் பட்டியலிலிருந்து மூல நூலுக்குச் சென்று, அங்கே படித்ததைக் காட்டுங்கள்.

கேள்வி: சனிக்கோளின் நிலவுகள் 82 என்கிறது நூலகப் புத்தகம், இணையத்திலோ 274 என்றிருக்கிறது. எது பிழை?

பதில்: இரண்டும் பிழையல்ல. 2019 அக்டோபரில் அந்த எண்ணிக்கை 82. இடையில் மேலும் பல சேர்ந்தன; 2025 மார்ச்சில் புதிதாக 128 நிலவுகள் ஏற்கப்பட்டபோது மொத்தம் 274 ஆனது. தலைப்புப் பக்கத்தைப் புரட்டினால் பதிப்பாண்டு கிடைக்கும். அதை முதலில் பாருங்கள். உங்கள் குறிப்பிலும் "நிலவுகள் 274" என்று நிறுத்தாமல், "2025 மார்ச் நிலவரம்" என்று சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுச் செயலி தந்த நூற்பட்டியலை அப்படியே சேர்க்கலாமா?

பதில்: கூடாது. இல்லாத நூலுக்கும் அது நம்பும்படியான தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் தந்துவிடும். நூலகப் பட்டியலில் ஒவ்வொன்றையும் தேடிப் பாருங்கள். கிடைத்தாலும், நீங்கள் திறந்து படித்த நூலை மட்டுமே சேருங்கள்.