கார் கதவுக்குள் மழைநீர்: புதுக் கார் கேட்டு வழக்குப் போடலாமா?

கேள்வி: 14 மாதங்களுக்கு முன் 11 லட்சம் ரூபாய்க்குப் புதுக் கார் வாங்கினேன். முதல் வடகிழக்குப் பருவமழையிலேயே பின்கதவுக்குள் தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்டது. ஒருநாள் கதவைத் திறந்ததும் மாமியாரின் புடவையில் கொட்டிவிட்டது. மூன்று முறை ஷோரூமுக்குக் கொண்டுபோனேன். “தூசி அடைப்பு, சரிசெய்துவிட்டோம்” என்றார்கள். இந்த மழையிலும் அதே கதைதான், கதவின் அடியில் துருவும் பிடித்துவிட்டது. மேலாளர் எல்லார் முன்னிலும் மரியாதைக் குறைவாகப் பேசினார். கடன் தவணை இன்னும் 5 வருடம் இருக்கிறது. புதுக் காரும் மன உளைச்சலுக்கு 10 லட்சமும் கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? வெளிக்கடையில் ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறேன், அது பிரச்சினை ஆகுமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: கடைசியில் போகிற போக்கில் ஸ்பீக்கர் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் அதில்தான். மேலாளர் பேசியது, கடன் தவணை, புடவை நனைந்தது எல்லாவற்றையும் தள்ளிவையுங்கள். உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் அதை மனுவில் இரண்டு பக்கத்துக்கு எழுதினால், ஆணையம் பார்க்க வேண்டிய விஷயம் அதற்குள் புதைந்துபோகும்.

கதவுக்குள் மழைநீர் இறங்குவது மட்டுமே குறைபாடு ஆகாது. கண்ணாடியை ஒட்டிய ரப்பர் பீடிங்கைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் எந்தக் காரிலும் உள்ளே போகும். கதவின் அடிவிளிம்பில் இருக்கும் சின்னத் துளைகள் வழியாக அது வடிந்துவிட வேண்டும். அந்தத் தண்ணீர் சீட் பக்கம் வராமல் தடுக்க, உள்பக்க டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். ஆக, சட்டப்படி இங்கே ஒரே கேள்விதான்: தண்ணீர் ஏன் வடியவில்லை? தொழிற்சாலையில் பூசிய சீலர் (இடைவெளி அடைக்கும் பசை) துளையை மூடியிருந்தால் அது உற்பத்திக் குறைபாடு. மண்ணும் இலையும் அடைத்திருந்தால் பராமரிப்புக் குறை என்று உங்கள் தலையில் கட்டுவார்கள். ஸ்பீக்கர் மாட்டியவர் ஷீட்டை வெட்டினார், துண்டு விழுந்து துளை அடைத்தது என்று கம்பெனி சொன்னால், வாரண்டியே போய்விட்டது என்று வாதாடுவார்கள்.

அதனால் முதலில் ஸ்பீக்கர் பில்லையும் முதல் ஜாப் கார்டையும் (காரை ரிப்பேருக்கு விடும்போது ஷோரூம் போடும் பதிவுத் தாள்) பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதியைப் பாருங்கள். புகார் முந்தியது, ஸ்பீக்கர் பிந்தியது என்றால் அவர்கள் வாதம் அங்கேயே அடிபடும். ஸ்பீக்கர் முன்கதவில், தண்ணீர் பின்கதவில் என்றாலும் அப்படியே. ஸ்பீக்கர் முந்தியது, அதுவும் அதே கதவில் என்றால், வழக்கு என்ற பேச்சையே விட்டுவிட்டு நான் கடைசியில் சொல்லும் வழிக்கு வாருங்கள்.

இப்போது நான் உண்மையாகவே பயப்படுவது வேறொன்றுக்கு. இந்த மழைக்கு நடுவில் துரு பரவுகிறதே என்ற பதற்றத்தில் தெருமுனை மெக்கானிக்கிடம் காரை விடுவீர்கள். அவர் நல்ல மனதோடு ஒரு கம்பியை விட்டுத் துளையைக் குத்திவிடுவார். தண்ணீர் வடிந்துவிடும், உங்கள் சாட்சியமும் அதோடு வடிந்துவிடும். என்னிடம் வந்த ஒருவருக்கு இதேதான் நடந்தது. துளையின் மேல் சாம்பல் நிற சீலர் தோல்போலப் படிந்திருந்ததை அவர் கண்ணால் பார்த்தவர். அதைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, பிறகு வழக்குப் போட்டார். நிபுணர் வந்து பார்த்தபோது துளை திறந்திருந்தது, தண்ணீர் ஒழுங்காக வடிந்தது. “ஆய்வின்போது குறைபாடு ஏதும் காணப்படவில்லை” என்று அறிக்கை வந்தது. அவர் சொன்னது முழுக்க உண்மை, ஆனால் அதைக் காட்ட ஆணையத்தின் முன் ஒன்றுமே இல்லை.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். சோதித்துப் பார்க்காமல் கண்டுபிடிக்க முடியாத குறைபாடு என்றால், பொருளை ஆய்வுக்கு அனுப்பலாம். அதற்கான கட்டணத்தைப் புகார் கொடுத்தவரைக் கட்டச் சொல்லலாம். கார் வழக்குகளில் ஆட்டோமொபைல் பொறியாளர் ஒருவரின் அறிக்கை இல்லாமல் உற்பத்திக் குறைபாடு என்று சாதிப்பது ரொம்பக் கஷ்டம். நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. கடைக்காரரின் லெட்டர்ஹெட்டில் ஒரு மெக்கானிக் எழுதிக்கொடுத்தது குறுக்கு விசாரணையில் ஐந்து நிமிடம் தாங்காது. எனவே துளையைத் தொடாதீர்கள். இன்னொரு மழையில் கதவைத் திறக்கும்போது தண்ணீர் கொட்டுவதையும், அருகில் இருந்து கதவின் அடிவிளிம்பையும் நம்பர் பிளேட் தெரிய வீடியோ எடுங்கள். போனில் இருக்கும் மூலப் பதிவை அழித்துவிடாதீர்கள்.

அடுத்தது ஜாப் கார்டு. மூன்று முறையும் காரை எடுக்கும்போது அதில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். “வாடிக்கையாளர் திருப்தி, குறை சரிசெய்யப்பட்டது” என்ற வரி அங்கே அச்சடித்தே இருக்கும். எதிர்த்தரப்பு முதலில் நீட்டும் காகிதம் அதுதான். இனிமேல் கையெழுத்துக்கு மேலே உங்கள் கையால் எழுதுங்கள்: “மழையில் சோதிக்கவில்லை, பின்கதவு நீர்த்தேக்கம் நான்காம் முறை, காரணத்தை எழுத்தில் தரவில்லை.” எழுத விடவில்லை என்றால் அன்றைக்கே மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஒரே கதவுக்கு மூன்று ஜாப் கார்டு இருப்பது உங்களுக்குச் சாதகம். உற்பத்திக் குறைபாடு நிற்காவிட்டாலும், டீலர் மீது சேவைக் குறைபாடு நிற்கும்.

புதுக் கார் ஆசையை விடுங்கள். 2006-இல் மாருதி உத்யோக் வழக்கில், கிளட்ச் பழுதுக்காக முழு வண்டியையே மாற்றித்தரச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பாகத்தை மாற்றினால் தீரும் குறைக்குப் பாகத்தைத்தான் மாற்றித் தருவார்கள். கதவுத் துளை அந்த வகையைச் சேர்ந்தது. 10 லட்சம் கேட்பதும் உங்கள் மனுவின் நம்பகத்தன்மையைத்தான் குறைக்கும்.

அதனால் பேசி முடியுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. கம்பெனியின் மண்டல அலுவலகத்துக்கும் டீலருக்கும் சேர்த்து ஒரே அறிவிப்பு அனுப்புங்கள். கம்பெனிப் பொறியாளர் உங்கள் முன்னிலையில் டோர் பேடைக் கழற்றிப் பார்க்க வேண்டும், படம் எடுக்க நீங்கள் அனுமதிக்கப்பட வேண்டும் என்று கேளுங்கள். பீடிங்கும் ஷீட்டும் மாற்றுவது, துருவை நீக்கிப் பெயின்ட் அடிப்பது, துரு அதிகமானால் கதவையே மாற்றுவது, எல்லாம் இலவசமாக. அந்தக் கதவுக்குத் துரு வாரண்டி எழுத்தில் வேண்டும். சாதாரண வாரண்டியில் துருவை விலக்கிவைக்கும் ஷரத்து இருக்கிறதா என்று பாருங்கள். சம்மதித்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற வரியில், அடுத்த பருவமழை முடியும்வரை அது பொருந்தாது என்று சேர்க்காமல் கையெழுத்திடாதீர்கள்.

பேச்சுவார்த்தை நடக்கிறதே என்று காலத்தை விட்டுவிடவும் கூடாது. அதே சட்டத்தின் 69-வது பிரிவின்படி வழக்குப் போட 2 ஆண்டுதான் கெடு. நீங்கள் அனுப்பும் மின்னஞ்சல்கள் அதை நீட்டிக்காது. முதல் ஜாப் கார்டின் தேதியிலிருந்து எண்ணி, மூன்று மாதம் மிச்சம் இருக்கும்போதே மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள். பேச்சு நடந்துகொண்டிருந்தால் அதை ஆணையத்தின் சமரச மையத்திலேயே தொடரலாம்.